வி.பி.என். காணோம்ணா! ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் சரக்கு ஏஜென்சி ஆபீஸ்களுக்கு சிஸ்டம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன ஞாயிறு சாயங்காலம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மொட்டைமாடியில் உட்கார்ந்து லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) சந்தேகங்களுக்குப் பதில் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னைக்கு வி.பி.என்.னைக் காணோம்." வி.பி.என். என்றால் வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய குழாய் மாதிரி போகும் இணைப்பு. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். கமாண்டுகளை அங்கே வாயால் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ராயபுரம், ஷிப்பிங் ஆபீஸ் பில்லிங் பார்ப்பவர்): அண்ணா, என் உபுண்டு லினக்ஸை 22.04-லேருந்து 24.04-க்கு ஏத்துனேன். செட்டிங்ஸ்ல வி.பி.என். பக்கத்துல பற்சக்கரத்தை அமுக்குனா எடிட்டரைத் திறக்க முடியலன்னு வருது. புதுசா போடலாம்னா ஓபன்விபிஎன்ங்கிற ஆப்ஷனே இல்ல. எல்லாம் அழிஞ்சுபோச்சா?

பதில்: ஒன்றும் அழியவில்லை தம்பி. புதுசாகப் போடுவதற்கு முன்னால் டெர்மினலை (கமாண்டு அடிக்கும் பெட்டி) திறந்து 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ' என்று அடியுங்கள். பட்டியலில் உங்கள் ஆபீஸ் பெயரும் பக்கத்தில் 'விபிஎன்' என்ற வகையும் தெரிந்தால், சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை என்று அர்த்தம். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இணைப்பை வைத்திருப்பது நெட்வொர்க்மேனேஜர். நீங்கள் பார்க்கும் செட்டிங்ஸ் வெறும் ஜன்னல். ஓபன்விபிஎன் என்ற வி.பி.என். வகையைப் பேசத் தெரிந்த பிளகின் (கூடுதல் மென்பொருள்) தனிப் பேக்கேஜாக வரும், அதுவும் இரண்டாக. 'நெட்வொர்க்-மேனேஜர்-ஓபன்விபிஎன்' வேலை செய்யும். அதே பெயருக்குப் பின்னால் 'க்னோம்' என்று ஒட்டியிருப்பது ஜன்னலைக் காட்டும். வெர்ஷன் ஏற்றும்போது இவை கழன்றுபோவது உண்டு. இரண்டையும் ஏப்டி என்ற கமாண்டில் இன்ஸ்டால் செய்து, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள்.

அவசரப்பட்டு பழையதை டெலீட் மட்டும் செய்யாதீர்கள். ஆபீஸ் ஐ.டி. ஆள் அந்த .ஓவிபிஎன் செட்டிங் ஃபைலை மறுபடி அனுப்ப எத்தனை நாள் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, வீட்டிலிருந்து வேலை செய்பவர்): புது லேப்டாப் வாங்கினேன் சார். பழைய மெஷின்லேருந்து கனெக்‌ஷன் ஃபைல்களை பென்டிரைவ்ல எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டேன். ஃபைல் இருக்கு. லிஸ்ட்ல வரமாட்டேங்குது.

பதில்: இதில் நானே இரண்டு மணி நேரம் மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஈடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் 'சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்'. ஒவ்வொரு இணைப்பும் அங்கே .என்எம்கனெக்‌ஷன் என்று முடியும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு கிளியரிங் ஆபீஸில் பத்து மெஷினுக்கு நான் இதையேதான் செய்தேன். பென்டிரைவில் எடுத்து சுடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கமாண்டு) போட்டுக் காப்பி செய்தேன். ஒன்றிலும் வரவில்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிஸ்டம் பதிவேட்டைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு நெட்வொர்க்மேனேஜர் மைனஸ் பி' அடித்தபோது ஒரே வரியில் விஷயம் வெளியே வந்தது: அனுமதி 100644, பாதுகாப்பில்லை, ஏற்க மாட்டேன்.

பென்டிரைவ் பெரும்பாலும் ஃபாட் ஃபார்மாட்டில் இருக்கும். லினக்ஸ் அனுமதிகள் அதில் ஒட்டாது. திரும்ப எடுத்துப் போடும்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற 644-ல் வந்து உட்காரும். உள்ளே பாஸ்வேர்டு இருக்கலாம் என்பதால் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஃபைலைத் தொடவே தொடாது. திரையில் எச்சரிக்கையும் வராது. ஃபைலின் சொந்தக்காரர் ரூட் (நிர்வாகி), அனுமதி 600 (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), இந்த இரண்டும் கட்டாயம். 'சுடோ சௌன் ரூட் கோலன் ரூட்', 'சுடோ சிஹெச்மோட் 600', பிறகு 'சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ரீலோட்'. கணக்காக மூன்று வரி.

அப்படியும் வரவில்லையா? ஃபைலைத் திறந்து 'பர்மிஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதில் 'யூசர்' என்று போட்டு பழைய லேப்டாப்பின் லாகின் பெயர் இருக்கும். புது லேப்டாப்பில் உங்கள் லாகின் வேறாக இருந்தால், அந்த இணைப்பு வேறொருவர் வீட்டுப் பொருள் மாதிரி. உங்கள் கண்ணில் படாது. அந்த வரியை எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். சர்டிபிகேட் பாதைகளையும் அதே மூச்சில் பாருங்கள். அந்தப் பாதைகளில் ஹோம் ஃபோல்டரின் பழைய பெயர் இருந்தால் லிஸ்டில் வந்தாலும் கனெக்ட் ஆகாது.

இன்னொன்று: ஒரே மெஷினில் ஃபைலை நகல் எடுத்து பெயரை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் யுயுஐடி (இணைப்பின் அடையாள எண்) மாறாததால் இரண்டில் ஒன்று மறைந்துவிடும். நகல் வேண்டுமென்றால் 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் க்ளோன்' போடுங்கள், யுயுஐடியை அதுவே புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி (வியாசர்பாடி, காலேஜ் மாணவர்): ஒயர்கார்டுங்கிற வி.பி.என்.னை 'டபிள்யூஜி-க்விக் அப்' போட்டு ஏத்துறேன்ணா. சூப்பரா ஓடுது. ரீஸ்டார்ட் பண்ணா காணாம போயிடுது.

பதில்: அது காணாமல் போகவில்லை தம்பி, நீங்கள் எங்கேயும் அதைச் சேர்க்கவே இல்லை. டபிள்யூஜி-க்விக் அந்த நேரத்துக்கு ஒரு இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் வாசல்) போட்டுத் தரும். மெஷின் அணைந்தால் அதுவும் போய்விடும். 'சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் டபிள்யூஜி-க்விக் அட் டபிள்யூஜி ஜீரோ' என்றால் ஒவ்வொரு முறையும் தானாக ஏறும். டெஸ்க்டாப்பில் பட்டன் தட்டி ஆன் ஆஃப் செய்ய ஆசையென்றால் நெட்வொர்க்மேனேஜருக்குள் இம்போர்ட் செய்யுங்கள்: 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் இம்போர்ட் டைப் ஒயர்கார்டு ஃபைல்' என்று அடித்து கான்ஃப் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். ஃபைல் பெயர்தான் இன்டர்ஃபேஸ் பெயராகும், 15 எழுத்தைத் தாண்டினால் இம்போர்ட் ஆகாது. இம்போர்ட் ஆனதும் தானாக கனெக்ட் ஆகிவிடும். அது வேண்டாமென்றால் 'ஆட்டோகனெக்ட் நோ' என்று மாற்றுங்கள். இரண்டு வழியையும் ஒன்றாக வைக்காதீர்கள், ஒரே முகவரிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (அதே மாணவரின் நண்பர்): எனக்கு ஃபைலே சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்ல இல்லண்ணா! ஃபோல்டர் காலி. ஆனா கனெக்ட் ஆகுது. பேயா?

பதில்: பேய் இல்லை, நெட்பிளான். உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங்ஸ் கருவி அது. உபுண்டு 23.10-லிருந்து நெட்வொர்க்மேனேஜர் தன் இணைப்புகளை ஈடிசிக்குள் இருக்கும் நெட்பிளான் ஃபோல்டரில் '90-என்எம்' என்று தொடங்கும் யாம்ல் ஃபைலாக எழுதுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு பூட்டிலும் ரன் ஃபோல்டருக்குள் தற்காலிக நகல் உருவாகும். 'இது என்ன குப்பை ஃபைல்' என்று நெட்பிளான் ஃபோல்டரைப் பெருக்கித் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் வி.பி.என்.னும் வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். மேலே மாடியில் கூட இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கேள்வி (தங்கசாலை பக்கம், கணக்குப் பார்க்கும் அக்கா): எங்கிட்ட இருக்கிறது மின்ட். கனெக்ட் ஆயிடுச்சான்னே தெரியல, பூட்டு ஐகான் வரல.

பதில்: நம்ம ஏரியாவில் மின்ட் என்றால் பஸ் ஸ்டாண்டுதான் அக்கா, லினக்ஸ் மின்ட் அப்புறம்தான் ஞாபகம் வரும். ஐகானை நம்பாதீர்கள். டெர்மினலில் 'ஐபி அட்ரஸ்' அடித்து 'டன் ஜீரோ' (ஓபன்விபிஎன்) அல்லது ஒயர்கார்டு இன்டர்ஃபேஸ் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் ஏறிவிட்டது. க்னோம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு: 2022 செப்டம்பரில் வந்த க்னோம் 43-லிருந்து வி.பி.என். மேல் மூலையில் இருக்கும் குவிக் செட்டிங்ஸ் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு இணைப்பாவது சேர்த்திருந்தால்தான் அந்தப் பட்டனே தெரியும்.

கேள்வி (திருவொற்றியூர், மென்பொருள் வேலை): லேப்டாப்பை மூடித் திறந்தா வி.பி.என். போயிடுது சார். மெட்ரோவுல விம்கோ நகர்லேருந்து ஏறுனா நாலு தடவை கனெக்ட் பண்ண வேண்டியிருக்கு.

பதில்: தூங்கப் போகும்போது நெட்வொர்க்மேனேஜர் வி.பி.என்.னை இறக்கிவிடும். எழுந்ததும் வைஃபையைத் தானே பிடிக்கும், ஆனால் வி.பி.என்.னை நீங்கள் சொல்லாமல் ஏற்றாது. 'என்எம்-கனெக்‌ஷன்-எடிட்டர்' திறந்து, உங்கள் வைஃபை அல்லது ஹாட்ஸ்பாட் இணைப்பின் ஜெனரல் பக்கத்தில் 'தானாக வி.பி.என். இணை' என்ற டிக் இருக்கும், அதைப் போடுங்கள். கட்டளை வழியில் அதன் பெயர் 'கனெக்‌ஷன் செகண்டரீஸ்'. லைன் விட்டு விட்டு வருவதற்கு 'விபிஎன் பெர்சிஸ்டென்ட் எஸ்' வையுங்கள். பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பெட்டி வந்து நிற்கும்.

கேள்வி: அந்தப் பெட்டி எனக்கு எப்பவும் வருதே? (மணலி, பெயர் சொல்லவில்லை)

பதில்: ஆட்டோ லாகின் வைத்திருக்கிறீர்களா? ஆமாம் என்றார். அப்படியென்றால் கீரிங் (பாஸ்வேர்டுகளை வைக்கும் பெட்டகம்) பூட்டியே கிடக்கும். பாஸ்வேர்டு அதற்குள். சாவி போட நீங்கள் லாகின் பாஸ்வேர்டு அடிக்கவே இல்லையே. ஆட்டோ லாகினை நிறுத்துங்கள், அல்லது பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஐகானைத் தட்டி 'எல்லாப் பயனர்களுக்கும் சேமி' என்று மாற்றுங்கள். இரண்டாவதில் பாஸ்வேர்டு அந்த 600 ஃபைலுக்குள் வெறும் எழுத்தாகக் கிடக்கும். கம்பெனி லேப்டாப் என்றால் முதல் வழிதான் நல்லது.

கேள்வி (தண்டையார்பேட்டை): கரண்ட் போய் வந்தா ஒயர்கார்டு ஆன்லயே இருக்கு, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது.

பதில்: ஒயர்கார்டு 'துண்டிக்கப்பட்டது' என்று சொல்லவே சொல்லாது. 'சுடோ டபிள்யூஜி ஷோ' அடித்து கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் கைகுலுக்கியது) எப்போது என்று பாருங்கள். அரை மணி முன்னால் என்றால் செத்துவிட்டது. ரவுட்டர் அணைந்து எழுந்ததும் எதிர்முனை வீட்டு இணைப்பாக இருந்தால் அதன் ஐ.பி. மாறியிருக்கலாம். டபிள்யூஜி-க்விக் ஹோஸ்ட் பெயரை ஏறும்போது ஒரு தடவைதான் விசாரிக்கும். டவுன் செய்து அப் செய்தால் சரியாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அடிக்கடி ஊமையானால் கான்ஃப் ஃபைலின் பீர் (எதிர்முனை) பகுதியில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' 25 சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (அவரே): சின்ன பக்கம் வருது, பெரிய பக்கம் தொங்குது. இதுவும் அதே கதையா?

பதில்: இது வேறு, எம்.டி.யு., அதாவது ஒரு பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து ஏறும் முறை) வழியாக வரும் ஃபைபர் லைனில் 1500-க்குப் பதில் 1492 பைட்தான் போகும். ஒயர்கார்டு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1420, 1500-லிருந்து 80 கழித்த கணக்கு. உங்களுக்கு 1412 வரும். நான் யோசிக்காமல் 1380 வைத்துவிடுவேன்.

கேள்வி (எம்.கே.பி. நகர், அப்பா ஒருவர்): பையன் வி.பி.என். போடுறான், போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் இல்லை சார். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் (மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவு, வி.பி.என். சேவை விற்கும் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வி.பி.என்.னுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கமும் வந்தது. பையன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பது உங்கள் வீட்டு விசாரணை.

கேள்வி (எண்ணூர்): அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் ஓடுதுண்ணா, பழைய பாஸ் லினக்ஸ். ஒயர்கார்டு வருமா?

பதில்: நம்ம சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம்) செய்த பாஸ், பலருக்கு முதல் லினக்ஸ் அதுதான். ஒயர்கார்டு லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே வந்தது 2020 மார்ச்சில் வெளியான 5.6-ல். அதற்கு முந்தைய கெர்னல் என்றால் தலைவலிதான். இன்றைய சர்வர்களோடு பழைய ஓபன்விபிஎன்னும் சண்டை போடும். எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் போட்ட புது டெபியன் லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள். ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் இன்னும் சில வருஷம் தாங்கும்.

கேள்வி (கிளம்பும்போது ஒருவர்): பிரச்சினை வந்தா உங்களுக்கு என்ன அனுப்பணும்?

பதில்: 'காணோம்' என்று ஒரே வார்த்தையை வாய்ஸ் நோட்டில் அனுப்பாதீர்கள். கனெக்‌ஷன் ஷோ பட்டியல், பிறகு கனெக்ட் பட்டனை அமுக்கிய உடனே எடுத்த ஜர்னல் வரிகள் ஒரு இருபது, எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் மாதிரி), எந்த வெர்ஷன். கான்ஃபிக் ஃபைலை போட்டோ எடுத்தால் 'பிரைவேட் கீ' (ரகசியச் சாவி) வரியைக் கட்டை விரலால் மறைத்து எடுங்கள். போன மாதம் ஒருவர் மறைக்காமல் முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு அவருக்கு சாவியையே மாற்றிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.