பழைய காருக்கு ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2001-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் லீவர் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது சில நேரம் கியரைத் தேட வேண்டியிருக்கிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் 14,000 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா? ஆர்.சி. புதுப்பிக்கும்போது தொல்லை வருமா?"

ஷார்ட் ஷிஃப்டர் என்பது, கியர் மாற்றக் கை நகர வேண்டிய தூரத்தைக் குறைக்கும் லீவர். இப்போது அதைப் போடாதீர்கள். முதலில் புஷ்களை, அதாவது லீவர் இணைப்புகளில் இருக்கும் சின்ன வளையங்களை, மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் ஆட்டம் லீவரின் நீளத்தால் வருவதில்லை.

உங்கள் காரில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, வண்டிக்கு அடியில், இரும்பு ராடுகள் போகின்றன. அவை சேரும் இடங்களில் ரப்பர், நைலான் புஷ்கள் இருக்கும். லீவர் எதன் மேல் சாய்ந்தாடுகிறதோ அந்த உருண்டை உட்காரும் கிண்ணமும் நைலான்தான். இருபது வருட வெயிலும், பக்கத்திலேயே போகும் சைலன்சர் குழாயின் சூடும் சேர்ந்து இவற்றைத் தின்றுவிடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, உள்ளே ஒருவரை உட்காரவைத்து லீவரை அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடியிலிருந்து பாருங்கள். லீவர் அசைந்த பிறகும் ராடு சும்மா இருந்தால் குற்றவாளி புஷ்தான். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பரான இன்ஜின் மவுன்ட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் அசையும், கூடவே ராடும் லீவரும் அசையும்.

ஷார்ட் ஷிஃப்டர் என்ன செய்கிறது? கடப்பாரையால் கல்லை நெம்பும்போது முட்டுக்கொடுத்த இடம் மாறினால் கைக்கு வரும் பாரமும் மாறுகிறதல்லவா, அதே கணக்கு. உதாரணத்துக்கு, உருண்டைக்கு மேலே 300 மில்லிமீட்டர், கீழே 50 மில்லிமீட்டர் என்றால், ராடு 10 மில்லிமீட்டர் நகரக் கை 60 நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 65 ஆக்கினால் கை 46 நகர்ந்தால் போதும். ஆனால் கை கொடுக்கும் அழுத்தம் 1.3 மடங்காகிவிடும். கியர் சீக்கிரம் விழுகிறது என்று வேகமாகத் தள்ளுவோம். அந்த வேகத்தைத் தாங்குவது, கியர்கள் உரசாமல் சேர அவற்றின் சுழற்சியைச் சமன்படுத்தும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையம். உங்கள் காரில் இரண்டாம் கியர் ஏற்கெனவே தயங்குகிறது. வளையம் தேய்ந்திருந்தால், அதன் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிறீர்கள்.

ஆயிலையும் கேளுங்கள். பழைய ஹோண்டா கியர்பாக்ஸுக்கு மெல்லிய எம்.டி.எஃப்., அதாவது மேனுவல் கியர்பாக்ஸுக்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே டின்னிலிருந்து கெட்டியான 80டபிள்யூ-90 ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இனி நான் மிகவும் பயப்படும் விஷயம். ஷார்ட் ஷிஃப்டர் என்ற பெயரில் சிலர் உங்கள் காரின் ஒரிஜினல் லீவரையே கழற்றி, மேலே இரண்டு அங்குலம் வெட்டி, வெல்டு வைத்து, பளபளவென்று ஒரு நாப் மாட்டித் தருகிறார்கள். போன வருடம் அப்படிப்பட்ட லீவர் வெல்டு வைத்த இடத்தில் முறிந்து, மூன்றாம் கியரிலேயே நின்றுபோன கார் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. நல்ல வேளை, சமவெளி ரோடு. அந்த வேலைக்கு அவர் கொடுத்த பணத்தில் புஷ் மாற்றி, ஆயிலும் ஊற்றிவிட்டு மீதி வாங்கியிருக்கலாம். நடுவில் ஒரு புரோக்கர் கமிஷன் வேறு. அதனால் பொருளைப் பெட்டியோடு கையில் வாங்கிப் பாருங்கள். முழுக்க ஒரே துண்டாகக் கடைந்த லீவரா, உருண்டைக்குக் கீழே நிஜமாகவே நீளம் கூடியிருக்கிறதா என்று பழையதன் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

ராடுக்குப் பதிலாக கேபிள் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடியில் ராடைத் தேட வேண்டாம். அவற்றில் இரண்டு கேபிள்கள். ஒன்று லீவரின் இட வல அசைவுக்கு, இன்னொன்று முன் பின் அசைவுக்கு. ஆட்டம் பெரும்பாலும் கேபிள் நுனியில் உள்ள வளையக் கண்ணின் புஷ்ஷில் இருக்கும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டாலும் பல கிட்டுகள் முன் பின் தூரத்தை மட்டுமே குறைக்கும், இட வலம் பழையபடியே இருக்கும். அப்போது ஐந்தாம் கியருக்குப் போகிறேன் என்று மூன்றில் விழ வாய்ப்புண்டு. கேபிளின் உறை உள்ளே துருப்பிடித்திருந்தால் அதிக அழுத்தம் அதை இன்னும் கெடுக்கும். எனவே கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்து, தடையில்லாமல் ஓடினால் மட்டுமே அடுத்த பேச்சு.

ஆர்.சி. பற்றி. பதிவில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கியர் லீவர் அந்த விவரங்களில் வராது. பயப்பட வேண்டாம். என் கோபம் வேறு. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022-இல் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். சரி, வாங்கட்டும். ஆனால் அதே காருக்கு ஒரு சின்ன நைலான் கிண்ணம் தனியாகக் கேட்டால் கிடைப்பதில்லை, முழு அசெம்பிளியையும் வாங்கு என்கிறார்கள். உதிரி பாகம் தர வேண்டிய பொறுப்பை யார் மேலும் சுமத்தாமல், பழைய வண்டிக்காரனிடம் மட்டும் கணக்குக் கேட்பது எந்த விதத்தில் நியாயம்?

புஷ், மவுன்ட், ஆயில் மூன்றையும் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் இரண்டாம் கியர் கரகரவென்று உரசினால் அது கியர்பாக்ஸ் வேலை, ஷிஃப்டர் கூடவே கூடாது. உரசல் இல்லை, கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஆசைக்கு ஓட்டுவேன் என்றால் தாராளமாகப் போடுங்கள். மாட்டியதும் எல்லா கியரையும், முக்கியமாக ஐந்தையும் ரிவர்ஸையும், போட்டுப் பார்த்து, லீவரின் நீண்ட கீழ்ப்பகுதி சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகட்டில் இடிக்கிறதா என்று அடியிலிருந்து பாருங்கள். கழற்றிய பழைய லீவரைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது இனி புதிதாகக் கிடைப்பது கஷ்டம்.