மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்: சோம்பலா, குறைபாடா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். மனக்கணக்கும் பரவாயில்லை. புத்தகத்தைத் திறந்தால்தான் சிக்கல். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது. கரும்பலகையில் இருப்பதில் பாதிதான் எழுதி வருகிறான். 'சோம்பேறித்தனம், வீட்டில் கண்டியுங்கள்' என்கிறார் ஆசிரியர். 'நானும் சின்ன வயதில் இப்படித்தான், போகப்போகச் சரியாகும்' என்கிறார் கணவர். பத்து முறை எழுது என்று உட்கார வைத்தால் தினமும் அழுகையில் முடிகிறது. இவனுக்கு மூளை மந்தமா? மருந்து, டானிக் ஏதாவது உண்டா? இதே வகுப்பில் இன்னொரு வருடம் விடலாமா?

பதில்: கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிற பிள்ளையைப் பற்றி மூளை மந்தமோ என்று பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கற்றல் குறைபாடாக, அதிலும் வாசிப்பைப் பாதிக்கும் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. நேரில் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் சோம்பல் என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை.

இது புதிய நோயும் அல்ல. 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னாராம். வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. அதனால் 'நானும் இப்படித்தான்' என்று உங்கள் கணவர் சொல்வது எனக்கு முக்கியமான தடயம். காத்திருப்பதற்கு அது காரணம் ஆகாது.

பேச்சு தானாக வந்துவிடும், வாசிப்பு அப்படி வராது. ஒரு சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒலிக்கு ஏற்ற எழுத்தைப் பொருத்தி, அதையே பலமுறை செய்து பழகிய பிறகுதான் பார்த்ததும் சொல் பிடிபடும். இவனுக்கு அந்தப் பிரிப்பதும் பொருத்துவதும்தான் சிரமம். 'கொடி' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்து 'கெ' என்பான். அடுத்து இருக்கும் காலைப் பார்த்து 'கா' என்பான். பிறகு இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான். 'டி'க்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்திருக்கும். முழு வாக்கியத்தையும் இப்படிக் கடந்து வரும் பிள்ளைக்கு அதன் பொருள் எப்படி மனதில் நிற்கும்?

சரி, என்ன செய்யலாம்? முதலில் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண், காது இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, குறட்டையால் கெடும் தூக்கம் ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். நடுவில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள். சில வலிப்புகள் அப்படித்தான் இருக்கும். கவனக்குறைவுப் பிரச்சினையும் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அப்புறம் குழந்தை உளவியலாளர் அறிவுத்திறனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன்களையும் தனித்தனியாகச் சோதித்து அறிக்கை தருவார்.

டிஸ்லெக்சியாவுக்கு மருந்து கிடையாது. டானிக், நிறக் கண்ணாடி, கண் பயிற்சி எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள், இவை பலன் தருவதாக நிரூபணம் இல்லை. கவனக்குறைவு உறுதியானால் மட்டும் அதற்கு மருந்து தேவைப்படலாம். இதே வகுப்பில் இன்னொரு வருடம் விடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். புரியாத முறையிலேயே இன்னொரு வருடம் நடத்தினால் என்ன மாறும்? கூட இருந்த நண்பர்கள்தான் போய்விடுவார்கள். மாற வேண்டியது கற்பிக்கும் முறை. சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒலியிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து சொல் என்று படிப்படியாக நடத்துவார். வாரத்தில் சில நாட்கள் என்றாலும் மாதக்கணக்கில் விடாமல் தொடர வேண்டும்.

பத்து முறை எழுத வைப்பதை இன்றே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாகத் தினமும் பதினைந்து நிமிடம் போதும், அவன் களைத்துப் போகாத நேரமாகப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம், வாயால் விளையாடுங்கள். 'மரம்' என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்தால் மீதி என்ன? 'பல்' என்பதில் 'ப'வை 'க' ஆக்கினால் என்ன சொல் வரும்? அடுத்து, ஒரே வகைக் குறியுள்ள ஐந்தாறு சொற்கள் மட்டும். கொடி, தொடை, பொடி என்று கொம்பும் காலும் சேர்ந்து வரும் சொற்களை ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். விரலால் மணலிலோ மேசையிலோ எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லட்டும். கடைசியில் ஒரு பத்தியை இருவரும் சேர்ந்தே வாசியுங்கள். அவன் தடுக்கினால் மூன்று எண்ணும் அளவு பொறுத்துவிட்டு, நீங்களே சொல்லை எடுத்துக்கொடுத்து மேலே போங்கள். 'இது கூடத் தெரியாதா' என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது.

இது தவிர, அவனுக்குப் பிடித்த கதைகளை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்கக் கூடாது. சொல்வளமும் உலக அறிவும் காது வழியாக வளர்ந்துகொண்டே இருக்கட்டும்.

பள்ளியிடம் சண்டை வேண்டாம், அறிக்கையோடு போய்ப் பேசுங்கள். வகுப்பின் முன் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. பலகையில் இருப்பதை அச்சிட்டோ நண்பனின் நோட்டிலிருந்தோ தரலாம். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், கேள்வியை ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும். அறிவியல் விடையில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இதெல்லாம் சலுகை என்று தயங்காதீர்கள், அவனுக்குத் தெரிந்ததை வெளிக்காட்ட வழி இதுதான்.

பரிசோதனை முடிந்ததும் அவனிடமே சொல்லிவிடுங்கள். 'உனக்கு அறிவு நன்றாக இருக்கிறது. எழுத்தைப் பிடிப்பதற்கு மட்டும் வேறு வழியில் பழக வேண்டும், அதற்கு நாங்கள் கூட இருக்கிறோம்' என்றால் போதும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லட்டும். நான் சொல்வதைவிட அது நன்றாகவே எடுபடும். பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி வந்தால், 'நான் முட்டாள்' என்று சொல்ல ஆரம்பித்தால், தூக்கம் கெட்டால், தள்ளிப் போடாமல் உளவியலாளரைப் பாருங்கள்.

வாசிப்பு மேம்படும், ஆனால் வேகம் மெதுவாகத்தான் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பத்தியை வாசிக்கச் சொல்லிக் குறித்து வைத்தால் முன்னேற்றம் உங்கள் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் மாறுவார், ஐந்தாம் வகுப்பு முடிந்தால் பள்ளியே மாறலாம். எது எளிது, எது கடினம், எந்த உதவி பலித்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே புது ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.