ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அப்படி என்ன வாய்க்கால் தகராறு?

கேள்வி: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் படிக்கப் போகிறேன். ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் சந்தித்தாலே ரக்பி, வேட்டை என்று ஒருவரை ஒருவர் கலாய்க்கிறார்கள். நிஜமாகவே பகையா? நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பகையெல்லாம் இல்லை. நான் கோலாலம்பூரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு ஒரு பக்கம் மெல்பர்ன்காரர், இன்னொரு பக்கம் நியூசிலாந்தின் தென்தீவில் திமாரு என்ற ஊர்க்காரர். இருவருக்கும் நடுவில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பகை என்றால் எப்போதோ பேச்சை நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் வாய் ஓய்வதே இல்லை.

நியூசிலாந்தில் இருப்பது 5 மில்லியன் சொச்சம் பேர். ஆஸ்திரேலியாவில் 27 மில்லியனுக்கு மேல். 1973ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இந்த நாட்டுக்காரர் அந்த நாட்டில் போய்க் குடியிருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் கூட்டம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகிறது, சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் ஆஸ்திரேலியாவுக்கு. பணம், ஆள்பலம், கிரிக்கெட் எல்லாவற்றிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. சின்ன நாட்டின் கை ஓங்கியிருப்பது இரண்டே இடத்தில்: ரக்பித் திடலிலும் மலை வேட்டையிலும். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த இரண்டில் போய் நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. நமக்கு இது புரியாத விஷயமா? சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது இங்கே மலேசியாவில் எத்தனை பேருக்கு வயிறு எரிந்தது! பண மதிப்பில் விட்டுக்கொடுப்போம், சார் குவே தியோ நூடுல்ஸில் மாட்டோம்.

ரக்பியை முதலில் பார்த்துவிடுவோம். இரு நாடுகளும் மோதுவது பிளெடிஸ்லோ கிண்ணத்துக்கு. நியூசிலாந்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த பிளெடிஸ்லோ பிரபு 1930களின் தொடக்கத்தில் கொடுத்த கிண்ணம். 1998 முதல் 2002 வரை ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. 2003ல் நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸ் கைப்பற்றினார்கள், நான் இதை எழுதும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. தொடர் சமமாக முடிந்தாலும் கிண்ணம் வைத்திருப்பவரிடமே இருக்கும் என்பதால், பிடுங்குவது இன்னும் கஷ்டம். ஆக்லாந்து ஈடன் பார்க் திடலில் ஆஸ்திரேலியாவின் வாலபீஸ் அணி ஆல் பிளாக்ஸைக் கடைசியாக வென்றது 1986ல்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பந்தயம் உண்டு. கிண்ணம் கிடைக்காதவர் எல்லோருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் பர்ஸை எடுப்பது மெல்பர்ன்காரர்தான். கடை அண்ணனுக்கே இது மனப்பாடம். பில்லை நேராக அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாஸ், இந்த வருசமும் நீங்கதானே?" என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நன்றாகப் புரியும்.

ஆக்லாந்தில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு மதியம் 3 மணிக்கு வரும். பங்சாரில் பெரிய திரை வைத்த ஒரு கடையில் போய் உட்காருவோம். ஆட்டத்துக்கு முன் ஆல் பிளாக்ஸ் ஆடும் மாவோரி ஆட்டமான ஹாக்கா தொடங்கியதும் திமாருக்காரர் எழுந்து நிற்பார், பேச மாட்டார். மெல்பர்ன்காரர் சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு, கோழி இறக்கை எத்தனை துண்டு, காரம் கூடவா குறைவா என்று சத்தமாக விசாரிப்பார். தோற்றதும் ஒரே வசனம்: எங்கள் ஊரில் இதை யார் பார்க்கிறார்கள்? பாதி உண்மைதான். மெல்பர்னுக்கு ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து, சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ரக்பி லீக், அதற்கப்புறம்தான் இந்தக் கிண்ணத்து ஆட்டமான ரக்பி யூனியன். ஆனால் யாரும் பார்க்காத ஆட்டத்துக்கு 2000ல் சிட்னியில் 109,874 பேர் வந்தார்கள். கடைசி நேரத்தில் நியூசிலாந்தின் ஜோனா லோமு ஓரமாக ஓடிப்போய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்க, நியூசிலாந்து 39-35 என்று ஜெயித்தது. அந்த எண்ணிக்கையைத் திமாருக்காரர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அவர் வாயை அடைக்கவும் வழி இருக்கிறது. 2003 உலகக் கிண்ணத்தை இரு நாடுகளும் சேர்ந்து நடத்துவதாக இருந்தது. ஒப்பந்தத் தகராறில் நியூசிலாந்து கழன்றுபோனது, ஆஸ்திரேலியா தனியாக நடத்தியது. போதாக்குறைக்கு அரையிறுதியில் ஆல் பிளாக்ஸை 22-10 என்று சாய்த்தது. ஆட்டம் முடிவதற்குள்ளேயே ஆஸ்திரேலியத் தலைவர் ஜார்ஜ் கிரேகன் எதிரணியைப் பார்த்து, அடுத்த உலகக் கிண்ணம் வரை காத்திருங்கள் என்ற அர்த்தத்தில், "இன்னும் நாலு வருசம்" என்று சொன்னது இன்றுவரை ஆறவில்லை. 2015 இறுதியாட்டத்தில் அதே ஆஸ்திரேலியாவை 34-17 என்று தோற்கடித்தும் ஆறவில்லை.

1981 கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். மெல்பர்னில் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம், கடைசிப் பந்தில் நியூசிலாந்து சமன் செய்ய 6 ஓட்டம் வேண்டும். ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார், அவரும் உருட்டினார். எதிரே மட்டையோடு நின்ற பிரையன் மெக்கெக்னி யார் தெரியுமா? ஆல் பிளாக்ஸுக்கும் ஆடியவர். ஆக, இதுவும் ரக்பிக் கணக்கில்தான் சேர்கிறது.

இவ்வளவு சண்டைக்கு நடுவில் ஆள் மாற்றமும் நடக்கிறது. ராபி டீன்ஸ், டேவ் ரென்னி, ஜோ ஷ்மிட் என்று வாலபீஸ் அணிக்கே நியூசிலாந்துக்காரர்கள் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய குவேட் கூப்பரை 2011 உலகக் கிண்ணத்தில் பிறந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு வறுத்தெடுத்தார்கள்.

அப்புறம் வேட்டை. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

மனிதர் கால் வைப்பதற்கு முன் நியூசிலாந்து நிலத்தில் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் செம்மானைக் கொண்டுவந்தார்கள். 1904ல் இமயமலைத் தார் ஆடு, 1907ல் ஆஸ்திரியப் பேரரசர் பரிசாக அனுப்பிய ஷாமுவா என்ற மலையாடு. பிடித்துத் தின்னப் புலியோ ஓநாயோ இல்லை. பெருகிக் காட்டை மொட்டையடிக்க ஆரம்பித்ததும், 1930 முதல் அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட்டது. தார் ஆடு 10,000க்கு மேல் போகக் கூடாது என்று 1993ல் ஒரு திட்டமே போட்டார்கள். அதனால் அங்கே வேட்டை ஜமீன்தார் பொழுதுபோக்கு இல்லை, பிளம்பரும் வாத்தியாரும் சனிக்கிழமை போய்வருகிற காரியம். அரசு நிலத்துக்கான அனுமதிச் சீட்டு இலவசம். நம்மிடம் தீபகற்ப மலேசியாவில் ரூசா, கீஜாங் மான் வேட்டைக்கு 2009ல் தடை வந்துவிட்டதால், இதைக் கேட்கும்போது முதலில் விநோதமாகத்தான் இருக்கும்.

மெல்பர்ன்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. விக்டோரியா மாநில மலைக்காடுகளில் சாம்பார் மான் வேட்டையாடுகிறவர். சாம்பார் என்றால் நம்ம மிளா. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விட்டது. அடர்ந்த புதருக்குள் தனியாகத் திரியும், காதும் மூக்கும் படு கூர்மை. "சாம்பார் அடித்தவன்தான் வேட்டைக்காரன், மொட்டை மலையில் நிற்கிற மானை யாரும் சுடலாம்" என்பது அவர் கட்சி.

ஏப்ரலில், செம்மான் கிடாக்கள் கத்தும் பருவத்தில், இருவரோடும் தென்தீவு மலைக்குப் போயிருக்கிறேன், துப்பாக்கி இல்லாமல், சுமை தூக்க. விடியும்முன் குளிரில் ஏறினோம். திமாருக்காரர் சட்டைப் பையில் பவுடர் நிரப்பிய சின்னப் பிளாஸ்டிக் புட்டி வைத்திருந்தார். பத்து அடிக்கு ஒருமுறை அதை அமுக்குவார், வெள்ளைத் தூள் எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்ப்பார், காற்று நம் முதுகிலிருந்து வீசினால் வழியை மாற்றுவார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிடா அடிவயிற்றிலிருந்து கத்தியது எனக்கு நெஞ்சில் அதிர்ந்தது. அந்த நேரத்திலும் மெல்பர்ன்காரர் என் காதில், "எங்கள் சாம்பாராக இருந்தால் இந்நேரம் அடுத்த மலைக்குப் போயிருக்கும்" என்று கிசுகிசுத்தார். திமாருக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "உங்கள் சாம்பார் கத்தாது, அதற்கும் சேர்த்து நீங்கள்தான் கத்துகிறீர்கள்" என்றார். ஒரே குண்டில் விழுந்தது. வயிற்றைக் கீறி, தோல் உரித்து, இறைச்சியைப் பிரித்துக் கட்டியதில் பின்னங்கால் ஒன்று என் முதுகுப்பைக்கு வந்தது. இறங்கும்போது முழங்கால் சொன்ன கதை தனி.

வாலபி விஷயத்தில்தான் இவர்களை அடக்கவே முடியாது. ஆஸ்திரேலிய ரக்பி அணியின் பெயர் வாலபீஸ். சின்னக் கங்காரு மாதிரி இருக்கும் அந்த விலங்கை 1870களில் திமாருக்குப் பக்கத்திலிருக்கும் வைமேட் பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது அங்கே பயிரை நாசம் செய்யும் தொல்லை விலங்கு, சுட்டால் விவசாயி நன்றி சொல்வார். "உங்கள் அணி எங்கள் ஊருக்கு வந்தால் தோட்டா செலவு என்னுடையது" என்று திமாருக்காரர் சொல்லாத மாதமே இல்லை. போசம் (possum) என்ற மரவிலங்கும் அப்படித்தான், 1837ல் ரோமத் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் சட்டப் பாதுகாப்பு, நியூசிலாந்தில் தலைவலி. அந்த ரோமத்தைச் செம்மறிக் கம்பளியோடு கலந்து கையுறை பின்னி ஆஸ்திரேலியச் சுற்றுலாப் பயணிகளுக்கே விற்கிறார்கள். மெல்பர்ன்காரர் மனைவிக்கு ஒரு ஜோடி வாங்கினார். யார் வீட்டுச் சொத்தை யார் விற்பது என்று கடையில் ஒரு பாட்டம் நடந்தது.

நிஜமான காயம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே வளர்ந்தவர்களைக்கூட, குற்றத் தண்டனை பெற்றார்கள் என்று நியூசிலாந்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். ஜெசிண்டா ஆர்டன் பிரதமராக இருந்தபோது சிட்னிக்கே போய் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். இந்தப் பேச்சு வந்தால் என் சகாக்கள் இருவரும் சிரிப்பதில்லை. நீங்களும் அதில் வாய் வைக்காதீர்கள். மற்றபடி ரக்பியில் எந்தப் பக்கமும் தைரியமாகச் சேரலாம். போரில் இறந்த இரு நாட்டு வீரர்களையும் நினைவுகூரும் ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்தன்று மட்டும் கிண்டல் கிடையாது. அன்று என் சகாக்கள் இருவரும் விடியற்காலையில் அஞ்சலிக்கு ஒன்றாகத்தான் கிளம்பிப் போவார்கள்.

வேட்டைக்குக் கூப்பிட்டால் போங்கள். உரிமம் இல்லாதவர் சாதாரணத் துப்பாக்கியைத் தொடலாம், ஆனால் உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மலையேறும் பூட்ஸையும் மசாலாப் பொட்டலத்தையும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், பூட்ஸில் மண் ஒட்டியிருந்தால் அவர்களே கழுவித் தருவார்கள். பாபாஸ் இறைச்சி மசாலா இரண்டு பொட்டலம் போதும். மான் கறியில் கொழுப்பே இருக்காது, சீக்கிரம் வறண்டுபோகும். எண்ணெயும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் தாராளமாக விட்டு, மூடிபோட்டு, சின்னத் தீயில் வேகவிடுங்கள்.