கிளாஸ் குரூப்புல போடாத தாயி

கேள்வி: அக்கா, நான் மதுரையில பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம், மேலூர்ல இருந்து பஸ்ல வந்து போறேன். எங்க கிளாஸ்ல மாசாமாசம் யாராவது ஒருத்தி பீரியட்ஸ் வயித்து வலின்னு டெஸ்க்குல சுருண்டு படுத்துருக்கா, கேட்டா எல்லாருக்கும் இருக்கிறதுதானேங்குறாங்க. வாட்ஸாப்புல இதப்பத்தி மெசேஜ் அனுப்பலாம்னு ஆசை. எப்படி அனுப்ப, என்ன சொல்ல? (பெயர் வேண்டாம், மேலூர்)

பதில்: நல்ல காரியம் தாயி, கண்டிப்பா செய். ஆனா கிளாஸ் குரூப்புல போடாத, பசங்க இருக்காங்கங்கிறது மட்டும் இல்ல, பொம்பளப்பிள்ளைங்க மட்டும் இருக்குற குரூப்பா இருந்தாலும் நாப்பது பேரு பாக்க ஒருத்தியும் சந்தேகம் கேக்க மாட்டா. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடு, ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், யாருக்குப் போகுதுன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, பதில் உனக்கு மட்டும்தான் வரும். அவங்க உன் நம்பர சேவ் பண்ணிருக்கணும், இல்லேன்னா போகாது. வேணுமான்னு நேர்ல கேட்டுட்டு சேரு. வீட்டுல அண்ணன் தம்பி எடுத்துப் பாக்குற போனா இருந்தா எழுதி அனுப்புறத விட வாய்ஸ் மெசேஜ் நல்லது, போன் திரையில மேல வர்ற நோட்டிபிகேஷன்ல விஷயம் எழுத்தா தெரியாது பாரு, நீ பேசுற பேச்சுலயே ஒரு நிமிசம் சொன்னா போதும்.

என்ன சொல்லணும்னா, முதல்ல வலி ஏன் வருதுன்னு சொல்லு. அந்த நாள்ல கர்ப்பப்பையோட உள்சுவர்ல ப்ரோஸ்டாகிளான்டின்னு ஒண்ணு சுரக்குது, அதுதான் கர்ப்பப்பைய இறுக்கிப் பிடிக்குது, அது நிறைய ஆனா வாந்தி, பேதி கூட வரும், அதனால அவ நடிக்கல. இபுப்ரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் மாதிரி மாத்திரைங்க இது சுரக்கிறதத்தான் கொறைக்குது, அதான் வலி உச்சிக்குப் போனப்புறம் போடுறத விட ஆரம்பிக்கும்போதே சாப்டுட்டுப் போட்டா நல்லா கேக்கும். மாத்திரை போட்டா குழந்தை பொறக்காதுன்னு நம்ம பக்கத்துல பயமுறுத்துவாங்க, எத்தன பிள்ளைங்க அந்தப் பேச்சாலயே பல்லக் கடிச்சுக்கிட்டு கெடக்குதுங்க, மனசு கேக்கல எனக்கு. அந்த ஒண்ணு ரெண்டு நாள் மாத்திரையால அப்படி ஆகாது. அல்சர், ஆஸ்துமா, கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க மட்டும் டாக்டரக் கேக்காம தொடக்கூடாது, அளவும் நீ சொல்லாத. வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி அடிவயித்துல வச்சாலும் நல்லா கேக்கும், இத எல்லாரும் செய்யலாம்.

யாரோட பீரியட்ஸ் தேதியும் நீ வாங்கி வச்சுக்காத, அவங்கவங்க போன்லயே ரெண்டு நாள் முன்னாடி அலாரம் வச்சுக்கச் சொல்லு.

மாத்திரைக்கும் அடங்காத வலி, வருஷா வருஷம் கூடுற வலி, பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் வலி, மணிக்கு ஒரு பேட் நனையிறது, இதுல எது இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான சதை கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) மாதிரி வேற காரணம் இருக்கலாம், டாக்டரப் பாக்கணும். அரசாங்கத்தோட மருத்துவ உதவி நம்பர் 104-க்கு போன் பண்ணிக் கேக்கலாம், நேரா பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். தனியாப் போக பயமா இருக்குன்னு எவளாவது உனக்கு மெசேஜ் போட்டா, அன்னைக்கு ஒரு நாள் கிளாஸ விட்டுட்டு நீயும் கூடப் போ.