வெங்காயம் வேண்டாம் என்றவர் மறுபடி வந்தால்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ஒரு பர்கர் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். போன வாரம் ஒருவர் வெங்காயம் வேண்டாம் என்று சொல்லி வாங்கினார். உள்ளே வெங்காயத்தோடே போய்விட்டது. திரும்பி வந்து பர்கரைக் கவுண்டரில் வீசினார். “அமைதியா இருங்க சார்” என்றேன். அதற்குப் பிறகுதான் கூடுதலாகக் கத்தினார். மேனேஜர் வந்து, அவருக்கு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் பார்க்க என்னைத் திட்டினார். அன்று முதல் கூட்டம் சேர்ந்தாலே கை நடுங்குகிறது. இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது? அவர் வாடிக்கையாளர், மறுபடி வருவார். அப்போது நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “அமைதியா இருங்க” என்பது கேட்பவர் காதில் “பிரச்சினை பர்கரில் இல்லை, உங்களிடம்தான்” என்று விழும். அந்த நொடியில் பேச்சு பர்கரை விட்டு மனிதர்மேல் போய்விடுகிறது. கவுண்டரில் நிற்பவருக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்: பேச்சை எப்போதும் பொருளின் மேல், பில்லின் மேல் வைத்திருங்கள். “வெங்காயம் இல்லாம கேட்டிருக்கீங்க, பில்லுலயும் அப்படித்தான் இருக்கு. மன்னிச்சிருங்க. புதுசா போட்டுத் தரவா, பணம் திருப்பித் தரவா?” மன்னிப்பு ஒரு முறை போதும். பத்து முறை கேட்டால் எரிச்சல்தான் கூடும். “கிச்சன்ல தப்பு பண்ணிட்டாங்க” என்று சொல்லவே சொல்லாதீர்கள். வாங்குபவருக்கு நீங்களும் கிச்சனும் ஒரே கடை. சிரிக்கவும் வேண்டாம். பயிற்சியில் எப்போதும் சிரிக்கச் சொல்லித் தந்திருப்பார்கள், ஆனால் கொதித்து நிற்பவருக்கு அந்தச் சிரிப்பு கேலியாகத்தான் தெரியும்.

திரும்பி வந்த பர்கரில் வெங்காயத்தை மட்டும் எடுத்துவிட்டு அதையே கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கூடாது. சாறு ரொட்டியில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அவர் அலர்ஜிக்காகச் சொல்லியிருந்தால் அது ஆபத்து. யாராவது அலர்ஜி என்று சொன்னால் கையுறையை மாற்றி, சுத்தமான இடத்தில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். ஃபிரைஸ் பொரிக்கும் எண்ணெயிலேயே கோழியும் மீனும் பொரிகிறதென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். “அதெல்லாம் இருக்காது” என்று ஊகத்தில் சொல்லும் பதில் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை “வேண்டாம்” என்ற சொல்லில்தான் நடக்கின்றன. ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை விடச் சொன்னால், அவசரத்தில் கை பழக்கப்படி அதை எடுத்து வைத்துவிடும். அதனால் பணம் வாங்குவதற்கு முன் ஆர்டரைத் திருப்பிச் சொல்லுங்கள், அதிலும் மாற்றத்தைக் கடைசியில் தனியாகச் சொல்லுங்கள்: “ஒரு பர்கர், ஒரு ஃபிரைஸ், ஒரு கோலா. பர்கர்ல வெங்காயம் வேண்டாம், சரிதானே?” பார்சல் என்றால் பை வாயை மடிப்பதற்கு முன் பில்லைக் கையில் வைத்து எண்ணுங்கள். பர்கர், ஃபிரைஸ், பானம், பிறகு சாஸ், ஸ்ட்ரா. சாஸ் பாக்கெட் விட்டுப்போனதற்காகத் திரும்பி வருபவர் பர்கர் மாறிப்போனவரைவிடக் கோபமாக வருவார், ஏனென்றால் பாதி வழி போய்த் திரும்பியிருப்பார். ஃபிரைஸ் இருக்கும் பையை இறுக மூடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று ஏழெட்டு நிமிடத்தில் நமுத்துவிடும். அவர் “ஆறிப்போச்சு” என்று சண்டைக்கு வருவார்.

அடுத்தது காத்திருப்பு. கூட்டம் சேர்ந்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதியவை இன்றும் கவுண்டரில் அப்படியே பொருந்துகின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் தெரியாத காத்திருப்பு, நியாயமில்லாததாகத் தோன்றும் காத்திருப்பு: மூன்றும் உண்மை நேரத்தைவிட நீளமாகத் தெரியும். ஆகவே “இதோ, ரெண்டு நிமிஷம்” என்று வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். ஃபிரைஸ் எண்ணெயில் வேக மூன்று நிமிடம் ஆகும். வடித்து, உப்புப் போட்டு, பெட்டியில் அள்ள இன்னும் ஒரு நிமிடம். ஐந்து என்று சொல்லுங்கள், நாலில் கொடுங்கள். சொன்ன நேரம் தாண்டும் என்று தெரிந்தால், அவர் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆப்பில் ஆர்டர் போட்டவர் பின்னால் வந்து முன்னால் வாங்கிப் போவதைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம், “அது உங்களுக்கு முன்னாடியே பதிவான ஆர்டர் சார், உங்களது அடுத்து மூணாவது” என்ற ஒரு வரி போதும்.

இன்னொரு தவறு நம் பக்கமே நடக்கிறது. ஆர்டர்களைக் காட்டும் கிச்சன் திரையில், தாமதமானால் நேரம் சிவப்பாக மாறிவிடும் என்று பயந்து, உணவு கைக்கு வருவதற்கு முன்பே பொத்தானைத் தட்டி ஆர்டரைத் திரையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கணக்கில் நேரம் அழகாக இருக்கும். திரையில் இல்லாத ஆர்டரில் என்ன பாக்கி என்று யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் ஆர்டர் எண் உள்ள பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். அவரது கோபம் முழுக்க நியாயமானது, அது வந்து விழுவது உங்கள் மேல். இதைக் கிச்சனில் இருப்பவர்களிடம் பேசி நிறுத்துங்கள்.

உப்பில்லாமல் ஃபிரைஸ் கேட்டு வாங்கி, பிறகு உப்புப் பாக்கெட் கேட்பவர்களைக் கண்டு கடுப்பாகாதீர்கள். உப்பில்லாமல் என்றால் புதிதாகப் பொரித்துத்தான் தர வேண்டும், சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு அள்ளும் தட்டைத் துடைத்து, கரண்டியைக் கழுவி, தனிக்கூடை போட வேண்டியிருக்கிறது. “புதுசா வேணும்னு சொன்னாலே போதும், போட்டுத் தர்றோம்” என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அடுத்த முறை நேராகக் கேட்பார்கள்.

பணத் தகராறுக்கு ஒரே மருந்து: வாங்கிய நோட்டின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லி, சில்லறை கைமாறும் வரை அதைக் கல்லாவுக்குள் போடாமல் வெளியே வையுங்கள். அதற்குப் பிறகும் தகராறு என்றால் வாதாட வேண்டாம். கல்லாவை மூடி, மேனேஜரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இத்தனை செய்தும் அடங்காத சிலர் உண்டு. கெட்ட வார்த்தை, மிரட்டல், பொருளை வீசுவது என்று வந்துவிட்டால் அது ஆர்டர் விஷயமில்லை. “இப்படிப் பேசினா என்னால தொடர்ந்து உதவ முடியாது, மேனேஜரைக் கூப்பிடுறேன்” என்று ஒரு முறை, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கை எட்டாத தூரத்துக்கு நகருங்கள். சூடான காப்பியையோ தட்டையோ அவர் பக்கம் விட்டுவைக்காதீர்கள். பின்னாலேயே வெளியே போகாதீர்கள். பிறகு தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், கூட இருந்தவர் யார் என்பதை எழுதி வையுங்கள். கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடலாம், அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மேனேஜர் செய்தது தவறு. பர்கரை மாற்றிக் கொடுத்தது சரி. மற்றதையும் இலவசமாக்கி, உங்களை எல்லோர் முன்னிலும் திட்டியது, வீசினால் கிடைக்கும் என்று அந்த வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தது. கூட்டமில்லாத நேரத்தில் மேனேஜரிடம் இரண்டு கேள்விகளை வையுங்கள். எதுவரை நானே மாற்றிக் கொடுக்கலாம்? எந்தக் கட்டத்தில் கூப்பிட்டால் உடனே வந்து என் பக்கத்தில் நிற்பீர்கள்? பதிலை ஷிஃப்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஆக்குங்கள்.

கை நடுங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் இப்படிப்பட்ட வேலைக்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் கொடுத்தார். உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றை வைத்திருப்பதும் சம்பளத்துக்குச் செய்யும் வேலைதான், மூட்டை தூக்குவதைப் போல அதுவும் களைப்படைய வைக்கும். அப்படி ஒரு சம்பவம் நடந்தால் பத்து நிமிடம் கவுண்டரை மாற்றிக்கொண்டு ஃபிரைஸ் பக்கம் நில்லுங்கள். மாற்றிக்கொள்ள இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

அவர் மறுபடி வந்தால், பழையதைப் பேச்சில் எடுக்காதீர்கள். மற்றவர்களைப் போலவே ஆர்டர் எடுங்கள். “வெங்காயம் வேண்டாம்” என்றால் திருப்பிச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் இன்னொருவர் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு பர்கரைச் சுற்றி, மேலே பேனாவால் “வெங்காயம் இல்லை” என்று எழுதி, எழுத்து அவர் பக்கம் தெரியும்படி தட்டில் வையுங்கள்.