தண்ணீர் எந்த வழியாக வருகிறது? – மழைக்காட்டு பூட்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள்தான் இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். எடை குறைவாக இருக்க வேண்டும், நனையவும் கூடாது, அப்படி ஒரு பூட்ஸ் எது என்பதே பெரும்பாலானோர் கேள்வி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம்.

காய் எடுப்புக்கு தினமும் ஜீப்பில் மேலே போகிறேன். முழங்கால் வரைக்கும் வரும் கம்பூட்ஸ்தான் போடுகிறேன். ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் மதியத்துக்குள் சாக்ஸ் பிழிகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?
– ஏலத்தோட்டத் தொழிலாளி, தேவாரம்

சாக்ஸைக் கழற்றியதும் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளங்காலும் விரல்களும் ஒரே சீராக ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தால் அது உங்கள் வியர்வை. கெண்டைக்காலில் தொடங்கி மண்துகளோடு கீழே இறங்கியிருந்தால் மேல்வாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறது. விரல் மடங்கும் இடத்தில் மட்டும் திட்டாக நனைந்திருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. இது தெரியாமல் புது பூட்ஸ் வாங்கினால் பழைய கதைதான்.

உங்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஏலத்தட்டைக்குள் நுழைந்தால் இலையில் தேங்கிய தண்ணீர் முழுக்க தொடையில்தான் விழும். பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகியிருந்தால் அத்தனையும் நேராக உள்ளே போகும். மழைப் பேண்ட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கவிட்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு பட்டையால் கட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

வியர்வைக்கு வழி வேறு. பி.வி.சி.யும் ரப்பரும் காற்று விடாது, அதை மாற்ற முடியாது. பருத்திச் சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சி அங்கேயே வைத்துக்கொள்ளும். கம்பளியோ நைலான் கலந்ததோ போடுங்கள். இரண்டாவது ஜோடியை பாலிதீன் பையில் கட்டி எடுத்துப் போய், மதியச் சோற்றுக்கு உட்காரும்போது மாற்றுங்கள். அந்த அரை மணி நேரம் கால் வெறுமனே காற்றில் இருக்கட்டும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதற்குக் காரணம் சேறு மட்டும் இல்லை, எட்டு மணி நேரம் மூடிக் கிடக்கும் ஈரமும்தான். உள்ளே கழற்றுகிற மாதிரி மெத்தை அட்டை உள்ள பூட்ஸாக வாங்கினால் இரவில் அதைத் தனியாக எடுத்து உலர்த்தலாம்.

வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. ஓடை, சதுப்பு, பாறை எல்லாம் உண்டு. ‘தண்ணீர் புகாத, காற்று விடும்’ என்று விற்கிற விலை கூடிய பூட்ஸ் வாங்கலாமா? எடை எவ்வளவு இருக்கலாம்?
– பெயர் வேண்டாம், குமுளி

எடையை முதலில் பேசிவிடலாம். பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 8-ஆம் நம்பர் முழங்கால் கம்பூட்ஸ் ஒரு ஜோடி ஏறக்குறைய 2 கிலோ வரும். கணுக்காலை மூடும் இலகு ரக மலையேற்ற பூட்ஸ் ஒரு கிலோவுக்கு முன்பின். 15 கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் சுமார் 10,000 முறை தூக்கி வைக்கப்படும். ஒரு காலில் 400 கிராம் கூடுதல் என்றால் மாலைக்குள் அந்தக் கால் 4,000 கிலோ வீணாகத் தூக்கியிருக்கும். பாதத்தில் சுமக்கும் ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் நான்கு முதல் ஆறு கிலோவுக்குச் சமமான சக்தியைத் தின்னும் என்று ராணுவ வீரர்களுக்கான நடை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஜோடி 1.3 கிலோவைத் தாண்ட வேண்டாம். இரும்பு முனை வைத்தது மரம் வெட்டுகிறவருக்கு. நடக்கிறவருக்கு அது வெறும் சுமை.

இனி அந்தக் ‘காற்று விடும்’ சமாச்சாரம். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதன் துளைகள் நீர்த்துளியை விடாது, நீராவியை விடும். ஆனால் நீராவி தானாக வெளியே ஓடாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் போகும். ஆடி மாதத்தில் தேக்கடிக் காட்டில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அது எங்கே போகும்? போதாததற்கு மேல்துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் இருக்கிற வழியும் அடைபடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பூட்ஸ் செய்தவர்கள் வேறு ஊர்க் குளிரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓடை. பூட்ஸ் 15 சென்டிமீட்டர் உயரம், ஓடை முழங்கால் ஆழம் என்றால் மேல்வாய் வழியாக நிரம்பும். வெளியே இருந்து தண்ணீரை விடாத படலம் உள்ளே இருந்தும் விடாது. குடத்தில் காலை விட்டுக்கொண்டு நடக்கிற கதைதான். மழைக்காலத்தில் அது உலர இரண்டு நாள்கூட ஆகும்.

ஆகவே எங்கள் சிபாரிசு இரண்டு ஜோடி. மார்கழி, தை மாதங்களில் மேகமலைப் புல்வெளி மாதிரி இடங்களில் விடிகாலைப் பனி மட்டும்தான் ஈரம். அங்கே படலம் வைத்த பூட்ஸ் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஜூன் முதல் நவம்பர் வரைக்கும் கேன்வாஸும் ரப்பரும் சேர்ந்த ஜங்கிள் பூட்ஸ் போதும். நனையும், ஆனால் வடியும். உள்வளைவுப் பக்கம் வலை போட்ட இரண்டு சின்னத் துவாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் பெரும்பகுதி வடியாவிட்டால் உள்ளே இருக்கும் மெத்தை அட்டை துவாரத்தை மூடியிருக்கும். அந்த இடத்தில் அட்டையைச் சற்று வெட்டிவிடுங்கள். சேறு அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடவும்.

அடிப்பாகத்தையும் கவனியுங்கள். பற்கள் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். பல்லுக்குப் பல் விரல்நுனி நுழைகிற இடைவெளி வேண்டும். நெருக்கமாக இருந்தால் செம்மண் அப்பிக்கொண்டு நாலே எட்டில் வழுவழுப்பாகிவிடும். பாசிப் பாறைக்குப் பல் உதவாது, ரப்பரின் மென்மைதான் உதவும். கட்டைவிரல் நகத்தை அடியில் அழுத்துங்கள். சற்றே பதிந்து மீண்டால் நல்ல ரப்பர். நகம் வழுக்கினால் பிளாஸ்டிக், வாங்காதீர்கள்.

எங்கள் பஞ்சாயத்தில் காட்டுப்பன்றி சுடும் குழுவோடு இரவில் மரவள்ளித் தோட்டங்களில் நடக்கிறேன். கம்பூட்ஸ் போட்டால் சத்தம் கேட்டுப் பன்றி ஓடிவிடுகிறது. என்ன போடலாம்?
– நெடுங்கண்டம் வாசகர்

முதலில் சட்டம். 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக ஆக்கி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்த உத்தரவும் துப்பாக்கி உரிமமும் இருந்தால்தான் நீங்கள் செய்வது வேலை. இல்லாவிட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம், வெடி, மின்கம்பி எதற்கும் அனுமதி இல்லை. பன்றி எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டால் உங்கள் பஞ்சாயத்து உத்தரவு அங்கே செல்லாது.

பூட்ஸுக்கு வருவோம். கம்பூட்ஸில் சத்தம் இரண்டு இடத்தில் வருகிறது. தொளதொள மேல்பகுதி கெண்டைக்காலில் அடிக்கும் ‘சளப்’ ஒன்று, குதிகால் உள்ளே எழும்பி விழுவது மற்றொன்று. அதோடு சேற்றில் கால் மட்டும் வந்து பூட்ஸ் அங்கேயே நிற்கும் ஆபத்தும் உண்டு. காயம்பட்ட பன்றி திரும்பி வரும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கயிறு கட்டிக் காலோடு இறுகும், 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள இலகு பூட்ஸ் போடுங்கள். அடி வளைந்து கொடுக்க வேண்டும். கையால் மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் அல்ல. கயிறு மாட்ட இரும்புக் கொக்கி உள்ளதைத் தவிர்க்கவும்: கொடியில் சிக்கும், துப்பாக்கிக் கட்டையில் இடித்துச் சத்தமும் கிளப்பும். மிச்சக் கயிற்றை உள்ளே சொருகுங்கள். ஓடை குறைவு, பனியும் ஈரப்புல்லும்தான் என்றால் இந்த வேலைக்குப் படலம் வைத்த ரகம் பொருந்தும்.

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. புது ரப்பர் வாடை போக நாலைந்து நாள் திண்ணைக்கு வெளியே காற்றில் போட்டு வையுங்கள். வாசனை சோப்பில் கழுவாதீர்கள். குதிகாலில் ஒளிரும் பட்டை இருந்தால் பிய்த்துவிட வேண்டாம். பின்னால் துப்பாக்கியோடு வருகிறவருக்கு முன்னால் போவது மனிதர் என்று தெரிய வேண்டாமா?

ஆன்லைனில் என் நம்பரே போட்டு வாங்கினாலும் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடுகிறது.
– மறையூர்

இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி முனையில் இடிக்கிறது. நாம் வழங்கும் நம்பரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம்; அரை நம்பரே நாலு மில்லிமீட்டர். அதனால் சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, காட்டுக்குப் போடும் அதே சாக்ஸோடு அளவு பாருங்கள். கயிறு கட்டாமல் விரல்களை முனைவரை தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கணுக்கால் பகுதியில் இறுக்கிக் கட்டிப் படியில் இறங்கிப் பாருங்கள். குதிகால் எழும்பக் கூடாது, பெருவிரல் இடிக்கவும் கூடாது. கம்பூட்ஸுக்கு அரை நம்பர் கிடைக்காது. பெரியதை எடுத்து உள்ளே ஒரு மெத்தை அட்டை போட்டுக்கொள்ளலாம். நகத்தையும் வெட்டிவிட்டுப் போங்கள்.

ரத்தம் குடிக்கும் அட்டை கயிற்றுக் கண் வழியாக உள்ளே போய்விடுகிறது. பூட்ஸுக்குள் உப்பு போடலாமா?
– வண்டன்மேடு

வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரும்புக் கண்களை அரிக்கும், மழையில் அரை மணிக்குள் கரைந்தும் போகும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைச் சாக்ஸ் போடுங்கள். சாதாரண சாக்ஸின் பின்னலுக்குள் அட்டை மெலிந்து நுழைந்துவிடும், நெருங்கிய நெசவில் முடியாது. அதை பூட்ஸுக்குள் போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டவும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறும்போதே தெரியும். உப்பையோ புகையிலைத் தண்ணீரையோ பூட்ஸின் வெளிப்பக்கம் மட்டும் தடவலாம். மழையில் திரும்பத் திரும்பத் தடவ வேண்டிவரும்.

கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள். மெல்லிய வாய்ப்பக்கம் நகத்தைச் சரித்து நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது உள்ளே விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும்.

ஸ்டோரில் ஏலக்காய் காயும் அறையிலேயே பூட்ஸையும் இரவு வைத்துவிடுகிறோம். காலையில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனால் ஒரு சீசனுக்குள் அடி பிளந்துவிடுகிறது.
– எஸ்டேட் மேஸ்திரி, உடும்பன்சோலை

அந்த அறைதான் காரணம். 50 டிகிரிக்கு மேல் போகும் வெப்பத்தில் தினமும் கிடந்தால் அடியை ஒட்டிய பசை இளகும், தோல் விறைத்து வெடிக்கும். ஏலக்காயில் சாக்ஸ் வாடை ஏறினால் முதலாளி என்ன சொல்வார் என்பது தனி விஷயம்! மெத்தை அட்டையை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும். மாற்றி மறுபடி திணியுங்கள். இரண்டு தடவை மாற்றினால் பெரும்பாலான ஈரம் போய்விடும். பிறகு காற்றோட்டமுள்ள இடத்தில் வாய் கீழ்நோக்கிச் சரித்து வையுங்கள்.

இன்னொன்று: பி.யு. (பாலியூரித்தேன்) என்று போட்ட இலகு அடிகள் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் பிஸ்கட் மாதிரி உதிரும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள்.

கம்பூட்ஸ் ஓட்டைக்கு சைக்கிள் டியூப் ஒட்டு போட்டேன், மூன்றாம் நாளே பெயர்ந்துவிட்டது.
– கம்பம்

உங்களுடையது பி.வி.சி.யாக இருக்கும். ரப்பர் சொல்யூஷன் ரப்பரில்தான் பிடிக்கும். பி.வி.சி.க்கு வளையும் தன்மையுள்ள வினைல் பசையும் பழைய ரெக்சின் துண்டும் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து ஒட்டி, ஒரு நாள் பாரம் வைக்கவும். பைப்புக்குப் போடும் பசை காய்ந்ததும் விறைத்து, மடிப்பில் உடைந்துவிடும். மடிப்பிலேயே வெடித்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. புதிதாக வாங்கும்போது பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 12254, ரப்பர் என்றால் ஐ.எஸ். 5557 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இலகு பூட்ஸ் பாம்புக்கடியைத் தடுக்குமா?
– சின்னமனூர்

கணுக்கால் வரை ஓரளவு. அதற்கு மேல் முழங்கால் கம்பூட்ஸ்தான். புதர் வெட்டுகிற நாளில் எடையைப் பார்க்காமல் அதைப் போடுங்கள். ஆனால் ஏலத்தட்டையில் சுருண்டிருக்கும் குழிவிரியன் கையைத்தான் கடிக்கும். அதற்கு எந்த பூட்ஸும் உதவாது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் உரியது, குழிவிரியனுக்கு அல்ல. கடித்தது எதுவானாலும் கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் போடுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள், கையை விட்டுப் பார்க்காதீர்கள். பூரானும் தேளும் இரவில் தேடுவது அந்த மாதிரி இடத்தைத்தான்.