நாற்பதாவது பக்கம்

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

வணக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், நோட்டு, பேனா, பரீட்சை சமயத்தில் கைடு, இவைதான் வருமானம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடை ஓரத்தில் ஒரு அலமாரி போட்டு இலக்கியப் புத்தகங்களை வைத்தேன். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை, என் ஆசைக்காகச் செய்தது.

மாதம் ஒரு தடவை 'புதிய வரவுகள்' என்று ஒரு பட்டியல் தயாரித்து வாட்ஸப்பில் நூற்றைம்பது பேருக்கு அனுப்புகிறேன். அட்டைப்படம், விலை, பதிப்பகம் தரும் குறிப்பு, எந்த எழுத்தாளருக்கு என்ன விருது, எங்கே வெளியீட்டு விழா, எல்லாம் அதில் இருக்கும். பதிலுக்குக் கட்டைவிரலும் கைகூப்பும் வரும். புத்தகம் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு மூன்று நான்கு பேர். தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் அறிவித்த பத்தாவது நிமிஷம் செய்தி அனுப்பினேன். ஒருவர்கூட அவர் புத்தகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மளிகைக் கடையில் கணக்கு எழுதும் ஒருவர் சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் வருவார். "புதுசா என்னக்கா வந்திருக்கு?" என்பார். அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒரு ரீஃபில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

என்னைப் போன்ற சின்னக் கடை பரிந்துரை செய்ய இருபது புத்தகங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? ஆன்லைனில் அவ்வளவு தள்ளுபடி கொடுக்கும்போது எங்கள் மாதிரிக் கடைக்கு இனிமேல் வேலை இருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் எதையெல்லாம் நீங்கள் படித்திருக்கிறீர்கள், எது உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்க நேரம் ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லப்போகும் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இருபது புத்தகங்களின் பட்டியலை நான் தரப்போவதில்லை. தந்தால் அது என் பட்டியலாக இருக்கும். இப்போது பதிப்பகத்தின் வார்த்தைகளை அனுப்புகிறீர்கள், அடுத்த மாதம் என் வார்த்தைகளை அனுப்புவீர்கள். அந்த நூற்றைம்பது பேருக்கும் உங்களைத் தெரியும், உங்கள் வார்த்தை மட்டும் அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

1989-ல் நடந்தது இது. வங்கித் தேர்வுக்கு கைடு வாங்க மதுரையில் ஒரு சந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கைடை எடுத்துக் கட்டிக்கொண்டே, "வேறென்ன வாசிப்பீக?" என்று கேட்டார். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதும் இரண்டு பேரின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பின்னால் போய் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எடுத்து வந்து கைடு மேல் வைத்தார். "நாப்பது பக்கம் வரைக்கும் பொறுத்துக்கங்க. அதுக்கு மேலயும் பிடிக்கலேன்னா கொண்டாந்து குடுத்துருங்க, பணத்தத் திருப்பித் தாரேன்" என்றார்.

பல வருஷம் கழித்துத்தான் அந்தப் பேச்சில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அந்த நாவல் அருமையானது என்று அவர் சொல்லவில்லை, பரிசு வாங்கியது என்றும் சொல்லவில்லை. தொடர்கதை படித்துப் பழகிய ஒரு பையன் அந்த நாவலில் எங்கே சலித்துப்போவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தையும் படித்து, எதிரே நிற்கும் ஆளையும் படித்த ஒருவரால்தான் நாற்பது என்று எண் சொல்ல முடியும். பின்னட்டையில் அந்த எண் இருக்காது. போதாததற்குத் தன் பணத்தையும் அந்தச் சொல்லோடு சேர்த்து வைத்தார். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வங்கித் தேர்வில் தேறவும் இல்லை.

ஹான் காங்கை நீங்களே குறிப்பிட்டதால் அவரைப் பற்றி ஒன்று. 2024 அக்டோபர் 10-ல் நோபல் அறிவிக்கப்பட்டபோது அவர் சியோலில் ஒரு சின்னப் புத்தகக்கடை நடத்திக்கொண்டிருந்தார். கடையின் பெயருக்குப் பொருள் 'இன்று'. 2018-ல் தொடங்கி, 2023-ல் கியோங்போக்குங் அரண்மனைக்கு அருகே ஒரு பழைய குடியிருப்புப் பகுதிக்கு இடம் மாறிய கடை. பரிசுச் செய்தி வந்ததும் கடை வாசலில் கூட்டம் திரண்டுவிட, சில நாள் கடையைச் சாத்தி வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அவர் கடைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். புக்கர் சர்வதேசப் பரிசு 2016-லேயே கிடைத்து உலகம் அறிந்துவிட்ட ஒரு எழுத்தாளர், அதற்குப் பிறகு ஒரு கடையைத் தொடங்கி இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறார். சின்னக் கடைக்கு இனி வேலை இருக்கிறதா என்ற கேள்வியைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது அந்தக் கடைதான்.

பரிசு அறிவித்த ஒரு வாரத்துக்குள் கொரியாவில் அவருடைய புத்தகங்கள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. அதில் சின்னக் கடைகளுக்குப் போதிய பிரதிகள் வந்து சேரவில்லை என்று பெரிய மனத்தாங்கல் உண்டாயிற்று. அந்நாட்டின் பெரிய புத்தக நிறுவனமான க்யோபோ, அக்டோபர் 22 முதல் மாதக் கடைசி வரை தன் கடைகளில் அந்தப் புத்தகங்களின் விற்பனையைக் குறைத்துக்கொண்டு, ஊர்க் கடைகளுக்குப் பிரதிகளை அனுப்பியது. அங்கே சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2014 நவம்பரில் திருத்தப்பட்ட விதிப்படி, எல்லாச் சலுகைகளையும் சேர்த்து அச்சிட்ட விலையில் 15 சதவீதத்துக்கு மேல் யாரும் குறைக்கக்கூடாது. பிரான்ஸில் 1981-லேயே கொண்டுவந்த சட்டம் 5 சதவீதம்தான் அனுமதிக்கிறது. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் கழிவு முழுவதையும் ஆன்லைன்காரர் வாசகருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட முடியும். மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்: விலையில் அவர்களோடு உங்களால் போட்டிபோட முடியாது. போடவும் வேண்டாம், கைப்பணம்தான் போகும்.

பிறகு எதை வைத்து நிற்பது? ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் சுனகாவா என்று ஒரு ஊர். இருபதாயிரத்துக்கும் குறைவான ஜனம். அருப்புக்கோட்டை அதைவிடப் பல மடங்கு பெரிது. அங்கே தோரு இவாதா என்பவருடைய குடும்பப் புத்தகக்கடை நலிந்துகொண்டிருந்தது. பள்ளியில் அவருக்கு மூத்தவர் ஒருவர் பத்தாயிரம் யென்னைக் கையில் கொடுத்து, 'எனக்குத் தோதான புத்தகங்களை நீயே பார்த்து அனுப்பு' என்றார். அதையே அவர் ஒரு வழக்கமாக ஆக்கினார். கேட்கிறவர்களுக்கு ஒரு படிவம் அனுப்புவார். மனதில் நிற்கும் புத்தகங்கள், வயது, வேலை, வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த தருணம் என்று எழுதி அனுப்ப வேண்டும். மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்பதுபோல அதைப் படித்து, பத்தாயிரம் யென் விலைக்குள் அவருக்கான புத்தகங்களைப் பொறுக்கி ஒரு கடிதத்தோடு அனுப்புவார். 2014-ல் தொலைக்காட்சியில் வந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்து, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. அவர் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய புத்தகங்கள்தாம். ஆனால் அந்த ஆளுக்கு அந்தப் புத்தகம் என்று சேர்த்து வைக்கிற கை அங்கே மட்டும்தான் இருந்தது.

அதே ஜப்பானில் 2004-லிருந்து புத்தகக்கடை ஊழியர்களே ஒரு விருது கொடுக்கிறார்கள். எழுத்தாளர்களோ பேராசிரியர்களோ நடுவர்கள் கிடையாது. கல்லாவில் நிற்கிறவர்கள், அட்டைப்பெட்டி பிரிக்கிறவர்கள், 'நான் மிகவும் விற்க விரும்பும் புத்தகம்' என்று வாக்களிக்கிறார்கள். இரண்டாவது சுற்றுக்கு வந்த புத்தகங்கள் அத்தனையையும் படித்திருந்தால்தான் வாக்கு, காரணமும் எழுதித் தர வேண்டும். முதல் விருது யோகோ ஒகாவாவுக்குக் கிடைத்தது. இந்த விருது அங்கே விற்பனையை எவ்வளவு தூக்கிவிடுகிறது என்று பார்த்தால், படித்தவர் சொல்லுக்குள்ள பலம் விளங்கும்.

இனி உங்கள் வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். மாதம் முப்பது புத்தகங்களை அனுப்புவதை விட்டுவிடுங்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. நீங்கள் கடைசிப் பக்கம் வரை படித்ததாக இருக்கட்டும். உங்கள் கையெழுத்தில் ஒரு தபால் அட்டை அளவு காகிதத்தில் ஐந்து வரி எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். அதே அட்டையை அலமாரியில் புத்தகத்தின் கீழே ஒட்டிவையுங்கள். யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று இரண்டையும் எழுதுங்கள். பிடிக்காதவரைச் சொல்லத் துணிந்தால்தான் பிடித்தவரைப் பற்றிச் சொன்னதை நம்புவார்கள்.

அன்றைக்கு நோபல் செய்தியோடு என்ன எழுதியிருக்கலாம்? ஹான் காங்கின் ஒரு நாவல் 'மரக்கறி' என்ற பெயரில் சமயவேல் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. ஒரு கனவுக்குப் பிறகு இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லும் ஒரு பெண்ணின் கதை. புலால் உண்ணாமை நம் ஊரில் புதிதில்லை, அதனால் முதலில் 'இதிலென்ன இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் பெற்ற தகப்பனே அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கிற இடம் வரும்போது, வீட்டில் ஒரு பெண் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைத்தான் இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தோம் என்று புரியும். மனதை வதைக்கும் பகுதிகள் உண்டு, எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய புத்தகமில்லை. இதை நீங்கள் உங்கள் வார்த்தையில் எழுதியிருந்தால் நூற்றைம்பதில் நான்கு பெண்களாவது கடைக்கு வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நோபல் என்ற செய்தி அவர்களுக்கு ஏற்கெனவே நாலு பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

எழுத்தாளர் பற்றிய செய்திகளில் எனக்கு ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு. விருது வாங்கினால் ஒரு நாள், இறந்துபோனால் இரண்டு நாள், அதோடு சரி. 2021 மே 17-ல் கரிசல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) மறைந்தார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அந்த வாரம் மட்டும் என்னிடம் பதினோரு பேர் 'அவர் புத்தகம் எங்கே கிடைக்கும், எதிலிருந்து தொடங்கலாம்' என்று கேட்டார்கள். ஊரடங்குக் காலம், கடைகள் சாத்தியிருந்தன. கடைகள் திறந்தபோது கேட்க ஒருவருமில்லை. சின்னக் கடை செய்ய வேண்டிய வேலை அந்த இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 16, அவர் பிறந்தநாளில், 'கோபல்ல கிராம'த்தையும் கரிசல் வட்டாரச் சொல்லகராதியையும் அலமாரியின் முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சொல்லகராதியில் இருக்கும் பேச்சு உங்கள் ஊர்ப் பேச்சு. கடைக்கு வரும் பாட்டியிடம் நாலு சொல்லைக் கேட்டுப் பாருங்கள், நோட்டு வாங்க வந்த பிள்ளைகளும் நின்று கேட்கும்.

யோசித்துப் பார்த்தால் உங்கள் கடை இருக்கும் இடமே ஒரு அலமாரிதான். சோ. தர்மனின் 'சூல்' நாவலில் உருளைக்குடிக் கண்மாய் எப்படிப் பாழாகிறது என்று படிக்கும்போது, சென்னை வாசகருக்கு அது ஒரு நாவல். உங்கள் ஊர்க்காரருக்கு அவர் தாத்தா மடை திறந்த கண்மாய். 2019-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பூமணியின் 'அஞ்ஞாடி'க்கு 2014-ல். இரண்டையும் 'கரிசல்' என்று ஒரு அட்டை எழுதி ஒரே தட்டில் வையுங்கள். பெரிய புத்தகங்களாயிற்றே என்று பயப்படுகிறவர்களுக்கு அங்கேயே சின்னப் புத்தகங்களும் இருக்கட்டும்.

கணக்கு எழுதும் அந்த நண்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாரம் தவறாமல் வந்து 'புதுசா என்ன' என்று கேட்கிறவர் ரீஃபிலுக்காக வருகிறவராக எனக்குத் தோன்றவில்லை. தனக்கு எது சரியாக இருக்கும் என்று ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறார். அவருக்குப் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்துப் பாருங்கள். 1982-ல் வந்த நாவல், அவருக்குப் புதிதாக இருக்கும். 'அசுரன்' படத்துக்கு மூலம் அதுதான் என்று சொன்னால் ஆர்வத்தோடு வாங்குவார். ஆனால் படத்தை நினைத்துக்கொண்டு படித்தால் ஏமாந்துபோவார், அதையும் சொல்லிவிடுங்கள். சண்டைகள் கிடையாது. கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், சமைக்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். அப்பனும் மகனும் பேசிக்கொள்கிற அந்த நிதானத்தில் அவருக்கு ஓரிடத்தில் பொறுமை போகலாம். அது எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது, அவரைத் தெரிந்தவர் நீங்கள்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள் நான்கு ராத்திரி இருக்கிறது. நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். பணத்தை அவர் அடுத்த வாரம் தரட்டும். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்